முடிவு பிடிக்கவில்லையா, தோழா?

"படம் நல்ல படந்தான், ஆனால் முடிவு பிடிக்கவில்லை!"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்டு முடிந்து, உருட்டாலையின் அனல் இன்னும் உடம்பைவிட்டு நீங்காத நிலையில் டீக்கடை பெஞ்சில் வந்தமரும் தோழன் இப்படித்தான் சொல்கிறான். திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில், லேத்துப் பட்டறையில் நின்று நின்று கால் மரத்துப்போன தோழனும் இதையேதான் சொல்கிறான். 'விசாரணை' என்ற படத்தைப் பற்றிய பேச்சு அது. வெற்றிமாறன் இயக்கியது, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் திரைக்கு வந்தது. ஆண்டுகள் பல உருண்டோடியும், கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு உறக்கம் வராமல் புரள்பவர்கள் இன்றும் உண்டு.

"ஒருத்தனையாவது உயிரோடு விட்டிருக்கக் கூடாதா?" என்கிறார் ஒருவர். "அடிக்கிற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்" என்கிறார் இன்னொருவர். "உழைத்துக் களைத்து வருகிறோம், காசும் கொடுத்து, கண்ணீரும் வடிக்க வேண்டுமா?" என்று கேட்பவரும் உண்டு.

அந்தக் கேள்வியை இகழ மாட்டேன், தோழா! வாழ்க்கையில்தான் வஞ்சகன் வாகை சூடுகிறான், வெள்ளித்திரையிலாவது அவன் வீழட்டுமே என்று ஏங்குவது உழைப்பாளியின் உள்ளம். அந்த ஏக்கத்தில் குற்றம் காண்பார் யார்? ஆனால், பிடிக்காத அந்த முடிவு எங்கிருந்து வந்தது, அதை எழுதியவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள். பிழைப்புத் தேடி ஆந்திரத்துக் குண்டூருக்குப் போன தமிழ் இளைஞர்கள். கடையிலே வேலை; பூங்காவிலே உறக்கம். பாண்டி, முருகன், அப்சல், குமார் — பெயரைக் கேட்டாலே தெரியவில்லையா, நம் தெருப் பிள்ளைகள் என்று! பெரிய இடத்தில் ஒரு கொள்ளை நடக்கிறது. வழக்கை முடித்தாக வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. கொள்ளையடித்தவனைத் தேடுவது கடினம். கேட்பாரற்றவனைப் பிடிப்பது எளிது. பிடித்தார்கள். அடித்தார்கள். "செய்தேன் என்று ஒப்புக்கொள்" என்றார்கள். ஒப்புக்கொள்ள மறுத்தால் அடி. எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்டால் அதற்கும் அடி!

வழக்கு நீதிமன்றம் போகிறது. நீதிபதி கேட்பது இவர்களுக்குப் புரியவில்லை. இவர்கள் கதறுவது நீதிபதிக்குப் புரியவில்லை. வேறு வேலையாக அங்கே வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் மொழிபெயர்த்துச் சொல்கிறார். உண்மை விளங்குகிறது; விடுதலை கிடைக்கிறது. அத்தோடு திரை விழுந்திருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

விழவில்லையே! விடுதலை பெற்றவர்கள் தாய்த்தமிழ் மண்ணுக்குத் திரும்புகிறார்கள். குமார் வழியிலேயே இறங்கிக்கொள்கிறான், தப்பித்தான். மற்ற மூவரும் தமிழ் பேசும் காவல் நிலையத்துக்குள் நுழைகிறார்கள். பெரிய மனிதர்களின் பணக் கணக்கை அறிந்த ஒரு ஆடிட்டர் அங்கே மடிகிறார். அந்தச் சாவின் இரகசியம் இந்த ஏழைகளின் காதில் விழுந்துவிடுகிறது. காதில் விழுந்ததுதான் அவர்கள் செய்த ஒரே குற்றம்! மூவரும் பிழைக்கவில்லை. மனச்சாட்சி உறுத்தித் தயங்கிய முத்துவேலும் பிழைக்கவில்லை. குண்டூரில் அடித்தது தெலுங்கு பேசிய தடி. சொந்த ஊரில் சுட்டது தமிழ் பேசிய துப்பாக்கி!

மனத்துக்கு ஒவ்வாத முடிவு தமிழ்த் திரைக்குப் புதிதும் அன்று. 1954 மார்ச்சில் 'மனோகரா' வந்தது. கலைஞர் தீட்டிய வசனத்தைச் சிவாஜி கணேசன் முழங்க, கொட்டகைகள் அதிர்ந்தன. அடுத்த மாதமே, ஏப்ரல் 13-ஆம் நாள், அதே சிவாஜி நடித்து 'அந்த நாள்' வந்தது. ஏ.வி.எம். எடுத்த படம், இயக்கியவர் எஸ். பாலசந்தர். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டுச் சாகிறான்! 1943-இல் சென்னை மீது ஜப்பான் குண்டு வீசிய நாட்களில் நடக்கும் கதை. கொன்றது யார் என்று துருவிப் போனால், செத்தவன் நாட்டின் இரகசியத்தை எதிரிக்கு விற்ற துரோகி. அவன் உயிரைப் பறித்தது கட்டிய மனைவியின் கைத்துப்பாக்கி.

தேசிய விருதுக் குழு நற்சான்றிதழ் வழங்கியது. வசூலோ சோர்ந்தது. மனோகரனாகப் பார்த்து மகிழ்ந்த முகத்தைத் துரோகியின் முகமாகப் பார்க்க அன்று மனம் ஒப்பவில்லை போலும்! இன்றோ, தமிழில் வந்த தலைசிறந்த படங்களை எண்ணுவோர் 'அந்த நாளை' விடுவதில்லை. ஆக, முடிவு பிடிக்கவில்லை என்பது ஒரு படத்தின் மீது எழுதப்படும் கடைசித் தீர்ப்பாகாது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு, தோழா. 'அந்த நாளில்' குற்றவாளியைத் தேடிக் கண்டுபிடிக்கிறது காவல்துறை. 'விசாரணை'யிலோ குற்றவாளியைக் காவல்துறைக்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது. நெஞ்சிலே முள்ளாகத் தைப்பது அதுதான்.

இந்தப் படத்துக்கு வித்து 'லாக்கப்' என்ற நூல். எழுதியவர் மு. சந்திரகுமார், கோவையில் ஆட்டோ ஓட்டியவர். 1983-இல் குண்டூர்க் காவல் கொட்டடியில் தாம் பட்ட பாட்டைத் தாமே எழுதினார். படம் 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குச் சென்றது. அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் இத்தாலியக் கிளை பரிசளித்துப் பாராட்டியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது.

இங்கேதான் நம் தோழன் மடக்குகிறான்: "நூலை எழுதியவர் பிழைத்துவிட்டாரே! படத்தில் மட்டும் ஏன் கொன்றார்கள்?"

நல்ல கேள்வி! பிழைத்தவர் புத்தகம் எழுதினார். பிழைக்காதவனுடைய கதையை எழுதுவது யார்? அவன் எப்படிச் செத்தான் என்பதையும் சுட்டவர்தாம் எழுதுகிறார். "அவன் தாக்கினான், நாங்கள் தற்காத்துக்கொண்டோம்" என்று எழுதுகிறார். பாதிப் படத்தை உயிரோடு வந்தவர் சொன்னார். மறு பாதி, உயிரோடு வராதவர்களுக்காகச் சொல்லப்பட்டது.

கற்பனை என்று தள்ளிவிட முடியுமா? 2015 ஏப்ரல் 7. திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், எங்களைத் தாக்கினார்கள் என்றது ஆந்திரக் காவல்துறை. திருத்தணிக்கு வடக்கே, நம் மாவட்டத்து எல்லையிலிருந்து எட்டிவிடும் தொலைவில் நடந்தது அது. நாம் கொதித்தோம், கொதித்தது நியாயம். அதற்கு மூன்றாண்டு முன்பு, 2012 பிப்ரவரியில், சென்னை வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வங்கிக் கொள்ளையர்கள், எங்களைச் சுட்டார்கள் என்றது தமிழகக் காவல்துறை. அந்த ஐவரும் வடபுலத்துக்காரர்கள். அன்று நம்மில் எத்தனை பேர் கொதித்தோம்? அவர்கள் குற்றவாளிகளாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றம். சொல்ல வேண்டியது சாட்சியம், துப்பாக்கிக் குண்டன்று.

எந்த ஆட்சி என்ற கேள்வியும் இங்கே நிற்காது, தோழா. 2020 ஜூனில் சாத்தான்குளம்: ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்று பிடித்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் அடுத்தடுத்து மாண்டார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரம்: நகை காணவில்லை என்ற ஒரு புகார், கோயில் காவலாளி அஜித்குமார், வயது 27, விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டார், பிணமானார். குண்டூர்க் கொட்டடியில் நாம் பார்த்த காட்சிதானே இது? நகை, புகார், நெருக்கடி, தடி! ஆட்சி மாறியது, தடி மாறவில்லை. நம்மவர் நாற்காலியில் இருக்கும்போதும் இதைச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். இல்லையேல் மேடையில் மனித உரிமை பேசுவது வெறும் வாய்ப்பந்தல்!

சட்டம் இல்லாமலா இருக்கிறது? போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளி என்று நிறுவ முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொன்னது, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் அதையே சொல்கிறது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரிலுள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும்; உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரவேண்டும்; 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் இந்தியா கையெழுத்தும் போட்டது. அதை உறுதிசெய்து சட்டமாக்கும் வேலைதான் நடக்கவில்லை.

ஏட்டிலே இருக்கும் சட்டம் கொட்டடிக்குள் தானாக நடந்து போகாது. அதை உள்ளே கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். சாத்தான்குளத்தில், அன்றிரவு நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். மடப்புரத்தில், அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் படம் பிடித்தார். செத்தவர்களை அவர்களால் மீட்க முடியவில்லை. ஆனால், எழுதப்படவிருந்த பொய்யை எழுதவிடாமல் தடுத்தார்கள். திரையில் முத்துவேலால் முடியாததை, ஊர் பேர் அறியாத எளியவர்கள் முடித்துக் காட்டினார்கள்!

இப்போது உன் ஊருக்கு வருகிறேன், தோழா. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம், தடா, நெல்லூர், ஓங்கோல் என்று நீளும் தேசிய நெடுஞ்சாலை குண்டூருக்குத்தான் போகிறது. அந்தச் சாலையிலும் அதை ஒட்டிய இரயிலிலும் அன்று பாண்டிகள் வடக்கே போனார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பாண்டிகள் தெற்கே வருகிறார்கள். உன் பக்கத்து உலையில் நிற்கிறானே, ஒரு தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து எழுகிறானே, அவனுக்கு உன் மொழி தெரியாது. ஆலையில் ஒரு செப்புக் கம்பி காணாமற்போனால் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? தெருவில் ஒரு வீடு உடைக்கப்பட்டால் யாருடைய கொட்டகைக் கதவு முதலில் தட்டப்படுகிறது? "வடக்கத்தியான் வேலையாகத்தான் இருக்கும்" என்று டீக்கடையில் முதலில் சொல்வது யார்? அந்தச் சொல்லை மறுக்காமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பது யார்?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பீகார் அரசின் குழுவே நேரில் வந்து பார்த்தது. பொய் பொய்யென்று அம்பலமாயிற்று. தமிழகம் தலைநிமிர்ந்தது. அந்தத் தலைநிமிர்வு நிலைக்க வேண்டுமானால், குண்டூரிலே நம் பிள்ளைக்கு நடந்தது கும்மிடிப்பூண்டியிலே எவன் பிள்ளைக்கும் நடக்கக் கூடாது. மொழியின் அருமை அறிந்தவர்கள் நாம். மொழி தெரியாதவன் கூண்டிலே நிற்கும் கொடுமையையும் நாம்தானே முதலில் உணர வேண்டும்?

முடிவு பிடிக்கவில்லை என்றாயே! மாற்ற வழி இருக்கிறது. உன்னோடு வேலை செய்பவனை எவரேனும் விசாரணைக்கென்று அழைத்துச் சென்றால், எந்த நிலையம், என்ன வழக்கு என்று கேள். தனியாகப் போகாதே; சங்கத்துத் தோழர்கள் நால்வரோடு போ. அவன் மொழி தெரிந்த ஒருவனையும் அழைத்துக்கொள். அவன் வீட்டாருக்குத் தகவல் போனதா என்று பார். கைதுக் குறிப்பிலே சாட்சி யார் என்று கேள். வக்கீலுக்குக் காசில்லையே என்று திகைக்காதே. இலவசச் சட்ட உதவிக்கென்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் இருக்கிறது: 15100. அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் அந்த எண்ணைச் சங்கப் பலகையில் எழுதிப் போடு. தமிழில் மட்டும் போதாது. பக்கத்து உலைக்காரனுக்கும் புரிகிற எழுத்தில் எழுதிப் போடு!