பாதாளகங்கைக்கு இறங்கும் வழி

ஆந்திரத்திலுள்ள பெலும் குகையின் பெயர் 'பிலம்' என்பதன் திரிபு. தமிழிலும் பிலம் என்றால் குகைதான். மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்று லேசாகப் புளித்த மழைநீர், சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களைக் கரைத்துக் கரைத்தே 3,229 மீட்டர் நீளத்துக்கு இக்குகைப் பாதைகளைக் குடைந்தது.

1884இல் இக்குகையைப் பதிவு செய்தவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். ஆம், பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த அதே மனிதர். முறையாக அளப்பதற்கோ 1982 வரை, ஒரு ஜெர்மன் குழு வரும்வரை, குகை காத்திருந்தது.

உள்ளே வியர்க்கும், நிதானமாக நடங்கள். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளைத் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது.

தரையிலிருந்து சுமார் 46 மீட்டர் ஆழத்தில் பாதாளகங்கை. அங்கே சிறு நீரோடை ஒன்று பாறைக்குள் இறங்கி மறைகிறது.