மரப்பாதையும் அதன் அச்சுப்படமும்

எங்கள் ஈஜோக் வட்டாரத்துத் தோட்டங்கள் தட்டை நிலத்தில் அமைந்தவை. ஆயினும், “ஓர் இயற்கைக் காட்சி வரையுங்கள்” என்று வகுப்பில் சொன்னால், பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் இரண்டு மலைகளை வரைந்து, நடுவே சூரியனை வைத்துவிடுகிறார்கள். “நம் தோட்டத்தை வரையலாமே அம்மா?” என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். “அதுல என்ன சார் இருக்கு?” என்றாள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மறுவாரம் ஒரு படத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

படத்தில் ஒரு மண்பாதை நேராக ஓடுகிறது. அதில் வண்டிச் சக்கரத் தடங்கள் பதிந்திருக்கின்றன. பாதையின் இரு பக்கமும் வாய்க்கால். வாய்க்காலை ஒட்டி உயர்ந்து மெலிந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. துப்பாக்கியைத் தோளில் சாய்த்த ஒருவர் நாயுடன் நம்மை நோக்கி வருகிறார். தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம். பாதிக்கு மேல் வானம். இவ்வளவுதான். மலை இல்லை, அருவி இல்லை, அரண்மனையும் இல்லை.

இதனை 1689ஆம் ஆண்டில் வரைந்தவர் மெய்ன்டர்ட் ஹொப்பேமா என்னும் டச்சு ஓவியர். ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்திறங்கும் திராட்சை மது பீப்பாய்களை அளந்து பார்ப்பது அவர் பார்த்த உத்தியோகம். படத்திலுள்ள ஊரின் பெயர் மிடல்ஹார்னிஸ். மூல ஓவியம் 1871 முதல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

டச்சுக்காரர் என்றதும் கோலசிலாங்கூர் குன்றுதான் நமக்கு நினைவுக்கு வரும். 1784இல் அவர்கள் அங்கிருந்த கோட்டையைப் பிடித்து, தங்கள் ஆளுநர் நாயகத்தின் பெயரால் ‘ஆல்டிங்ஸ்பர்க்’ என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுக்கொண்டார். பீரங்கியோடு வந்தவர்களின் சொந்த நாடு எப்படிப்பட்டது என்பதை நம்மில் பலர் கேட்டதில்லை. அது பெரும்பாலும் தட்டையான நாடு. பல இடங்கள் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தவை. வரப்புக் கட்டி, வாய்க்கால் வெட்டி, காற்றாலை வைத்து நீரை இறைத்து நிலமாக்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வணிகரும் கைத்தொழிலாளரும்கூடப் படம் வாங்கி வீட்டில் மாட்டினார்கள். அவர்களுக்காக ஓவியர்கள் அந்த வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் வரைந்தார்கள்.

இப்படத்தைப் பார்க்கும்போது முதலில் பாதையின் இரு ஓரங்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். அவை தொலைவில் ஒரே புள்ளியை நோக்கி நெருங்கும். மர உச்சிகளும் அதே புள்ளிக்கு இறங்கி வரும். காலையில் பிரட்டுக் களத்திலிருந்து செம்பனை வரிசைகளுக்கு நடுவே பார்த்தாலும் இதே கணக்குத்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்கக் கரும்பலகை வேண்டாம். வாசலுக்கு அழைத்துப் போனால் போதும்.

நான் கொண்டு சென்றது ஒரு பழைய நாட்காட்டியின் தாள். அன்று மாலை, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர், என் மாணவன் ஒருவனின் தாத்தா, அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “வாத்தியாரய்யா, கீழ்க்கிளை எல்லாம் சுத்தமாக் கழிச்சிருக்கு. வாய்க்காலும் தூர் எடுத்த வாய்க்கால். செஞ்சவன் எங்கே? துப்பாக்கி வச்சிருக்கிறவன் செஞ்சிருக்க மாட்டான்” என்றார்.

நான் திகைத்துப் போனேன். வீட்டுக்குப் போய், இதே படம் உள்ள ஒரு புத்தகத்தைத் திறந்தேன். வலப்பக்கத்தில் ஒரு நாற்றங்கால். அதில் ஒருவர் செடிகளைப் பராமரித்துக்கொண்டிருக்கிறார்! மூல ஓவியம் ஏறத்தாழ 104 செ.மீ. உயரமும் 141 செ.மீ. அகலமும் கொண்டது. நெட்டுவாக்கில் உள்ள நாட்காட்டிக்குள் அடக்குவதற்காக அச்சிட்டவர்கள் இரு பக்கமும் வெட்டிவிட்டார்கள். போனவர் அந்தத் தோட்ட வேலைக்காரர்தான். பல முறை பார்த்தும் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை தெரிந்த கண்ணுக்குத் தோன்றியது.

இதனால் அச்சுப்படத்தை இகழ வேண்டியதில்லை. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களைக் கல்லில் எழுதி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லாக அச்சிட்டார். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தது அப்படித்தான். இன்றைய அச்சில் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளே உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: வானமெல்லாம் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். மையின் அளவு மாறினால் வானமும் மாறும். என் நாட்காட்டியில் அது மாலை, புத்தகத்தில் நண்பகல்! ஹொப்பேமா முன்புறத்தில் மேலும் இரண்டு மரங்களை வரைந்து, பிறகு தாமே அவற்றை வண்ணம் பூசி மறைத்தார் என்பது எக்ஸ்ரே படத்தில் தெரிந்திருக்கிறது. அதையெல்லாம் அச்சுத்தாள் காட்டாது.

ஆகவே, வீட்டில் ஓர் ஓவியத்தின் அச்சுப்படம் இருந்தால், அதன் நான்கு ஓரங்களையும் முதலில் கவனியுங்கள். பாதி உடலோ பாதி மரமோ திடீரென்று நின்றிருந்தால் அங்கே கத்தரி பட்டிருக்கலாம். முழுப் படம் உள்ள புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம். மஞ்சளும் செந்நீலமும் முதலில் வெளுத்து, படம் முழுவதும் நீலம் பாரித்துப் போகும்.

அந்த மாணவி சென்ற வாரம் ஒரு படம் கொடுத்தாள். செம்பனை வரிசை, வாய்க்கால், அதன் மேல் ஒரு பலகைப் பாலம். பாலத்தில் தள்ளுவண்டியுடன் ஒரு பெண். வண்டிச் சக்கரம் மட்டும் சற்றுப் பெரிதாகிவிட்டது. திருத்தவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன்.