மலையிலிருந்து இறங்கிய குளிர்

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டையைப் பிரித்துக் கொட்டியதும் கை தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். பெருவெட்டு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். பச்சை மாறாத காய் தூரப் பயணம் தாங்கும். மஞ்சள் ஏறிய பழத்தைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரிலிருந்து கேரளத்துக்குப் போகும் எலுமிச்சைக்குக் கணக்கில்லை. அண்மையில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இதே காய் ஒரு நகரத்து சூப்பர் மார்க்கெட்டில், வெண்ணெய்க்கு நாலடி தள்ளி அடுக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கெடாமல் வைத்திருப்பது குளிர்தான். ஆனால் இரண்டும் கேட்கும் குளிர் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், நம் பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் எப்படி வளர்ந்தது, சந்தை ஏன் இன்னும் சந்தையாகவே இருக்கிறது என்ற இரண்டுமே விளங்கும்.

முதலில் வெண்ணெய். தென்னிந்தியாவின் பழைய சூப்பர் மார்க்கெட் நிறுவனமான நீல்கிரிஸ் 1905-ல் வெண்ணெயில்தான் தொடங்கியது. அதன் நிறுவனர் முத்துசாமி முதலியார், வெள்ளைக்காரர்களின் கடிதங்களையும் காசோலைகளையும் கோவையிலிருந்து நீலகிரி மலைக்குச் சுமந்து போனவர். அவர்களுக்கு வெண்ணெய் தேவைப்பட்டது. குன்னூர்ப் பக்கத்தில் ஓர் ஆங்கிலேயர் நடத்திவந்த வெண்ணெய்த் தொழிலை வாங்கி, நீல்கிரி டெய்ரி ஃபார்ம் என்று நடத்தத் தொடங்கினார்.

ஏன் குன்னூர்? வாடிக்கையாளர்கள் அங்கே இருந்தார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பாலுக்குள்ளேயே இருக்கிறது. பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் மெல்லிய சவ்வு போர்த்தியிருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. குளிர்ந்தால் உருண்டைக்குள் கொழுப்பின் ஒரு பகுதி மட்டும் உறைந்து கூரிய படிகங்களாகிறது. கடையும்போது உருண்டைகள் மோத, படிகங்கள் சவ்வைக் குத்திக் கிழிக்கின்றன. உறையாமல் இருக்கும் மீதிக் கொழுப்பு கசிந்து உருண்டைகளை ஒட்டவைக்கிறது. பாதி உறைந்து பாதி இளகியிருக்கும் அந்தப் பதம், பாலேட்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 14 டிகிரி செல்சியஸில் அமைகிறது. அதைவிடச் சூடானால் வெண்ணெய் திரளாமல் எண்ணெய்ப் பசையாகிவிடும். நம் வீடுகளில் விடியற்காலையில் மோர் கடைந்ததும், கோடையில் பானைக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதும் இதனால்தான். படிகம், சவ்வு என்றெல்லாம் யாரும் சொல்லித் தராமலே அந்தப் பெண்கள் பதத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

திரண்ட வெண்ணெயும் 30 டிகிரி தாண்டினால் நிலைகொள்ளாது. சமவெளியில் அதை உருக்கி நெய்யாக்கி வைப்பதுதான் அன்றைய வழி. ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோவையைவிட ஒன்பது, பத்து டிகிரி குளிர்ச்சி. மின்சாரம் இல்லாமல் மலையே குளிர்பதன அறையாக வேலை செய்தது.

1936-ல் நீல்கிரிஸ் கடை திறந்த இடம் பெங்களூரு பிரிகேட் ரோடு. அது 900 மீட்டருக்கு மேல் உள்ள, வெயில் அதிகம் வாட்டாத ஊர். அங்கே போனதற்கு வியாபாரக் காரணங்கள் நிறைய இருந்திருக்கும். ஆனாலும் வெண்ணெய்க்காரருக்கு அந்த ஊரின் காற்று உதவாமல் போயிருக்காது என்றே நினைக்கிறேன். முத்துசாமியின் மகன் சென்னியப்பன் காலத்தில் அந்தக் கடை பொருளை நாமே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட்டாக மாறியது. அந்த முறையை 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடையில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிவைத்திருந்தார். பின்னர் நீல்கிரிஸுக்கு ஈரோட்டில் பால் பண்ணை அமைந்தது. ஈரோட்டு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வெண்ணெய் எடுக்க முடிந்தது என்றால், குளிர் மலையைவிட்டு இறங்கி வந்துவிட்டது என்று பொருள்.

அதற்கு முன்பும் குளிரை இறக்குமதி செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தா வந்த முதல் கப்பலில் ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அந்தப் பனிக்கட்டியை வைக்கக் கட்டியதுதான்.

ஈரோட்டுக்கு இறங்கி வந்ததோ இயந்திரக் குளிர். அதன் சூத்திரம் எளிது. ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும். திரவம் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆவியைப் பிடித்து, அழுத்தி, வெளியே வெப்பத்தைக் கழிக்கவிட்டு, மறுபடி திரவமாக்கிச் சுற்றிவிட்டால் அதுவே குளிர்பதனப் பெட்டி. சூப்பர் மார்க்கெட்டில் மேலே திறந்தே இருக்கும் ஐஸ்கிரீம் பெட்டியைக் கவனியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. மூடி இல்லாவிட்டாலும் கீழேயே தங்கிவிடும். பால் பாக்கெட் அடுக்கிய நின்ற வாக்கில் உள்ள அலமாரியில் அது நடக்காது. அதனால் மேலிருந்து கீழாகக் குளிர்காற்றைத் திரைபோல் ஓடவிடுகிறார்கள். கையை நீட்டிப் பால் எடுக்கும்போது அந்தத் திரையைத்தான் கடக்கிறோம்.

இனி எலுமிச்சை. வெண்ணெய்போல அது வெறும் பொருள் அல்ல. பறித்த பிறகும் உயிரோடு மூச்சுவிடுகிறது. வாழைப்பழம், மாம்பழம் மாதிரி பறித்த பின் தடாலென்று பழுத்து இனிப்பதில்லை. நிதானமாக நீரை இழந்து, பச்சை மங்கி, சுருங்கும். சாற்றின் புளிப்பு உள்ளே பாக்டீரியாவை அண்டவிடாது. தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிபவை எண்ணெய்ப் பைகள். தோலை மடக்கி விளக்குச் சுடர் பக்கம் பிதுக்கினால் பொறி பறக்குமே, அந்த எண்ணெய். குளிர் அறை இல்லாத காலத்திலும் புளியங்குடிச் சரக்கு மலையைத் தாண்டி விற்றதற்கு இந்தக் கட்டமைப்பே துணை.

அந்தத் தோலுக்குப் பகை இரண்டு. ஒன்று காயம். காலைப் பனி காயாமல் பறித்தால் தோல் விறைத்திருக்கும். லேசாக அழுத்தினாலும் பைகள் உடைந்து, எண்ணெய் தன் தோலையே சுட்டுப் பழுப்பாக்கும். கீறல் வழியே பச்சைப் பூஞ்சை நுழையும். பூஞ்சை பிடித்த பழம் எத்திலீன் வாயுவை வெளியிட்டுப் பக்கத்துப் பழங்களையும் வேகமாக மஞ்சளாக்கும். சந்தையில் அடிபட்டதைத் தனியே பொறுக்கிப் போடும் அந்தக் கை, மூட்டை முழுவதையும் காப்பாற்றுகிறது.

இரண்டாவது பகை அளவு மீறிய குளிர். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் வைத்தால் தோலில் குழி விழுந்து பழுப்பேறும். வெளியே எடுத்ததும் அழுகும். 8 முதல் 10 டிகிரி, 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதம் கிடைத்தால் ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும். வெண்ணெய்க்கு ஏற்ற அறை எலுமிச்சைக்கு எமன்.

கோடையில் எலுமிச்சை விலை உச்சிக்குப் போவதும், மழைக்காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விழுவதும் புளியங்குடி விவசாயிக்குப் பழகிப்போன துயரம். ஆறு வாரம் தாங்கும் அறை மழைக்காலத்துக் காயைச் சித்திரை வரை கொண்டு சேர்க்காது. ஆனால் வரத்து குவிந்து விலை சரியும் வாரங்களில், வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் காத்திருக்க வழி தரும். நீல்கிரிஸ்காரர்கள் குளிரைத் தங்கள் வெண்ணெய்க்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டதால் வளர்ந்தார்கள். எலுமிச்சை விளைவிப்பவருக்கும் அதே வாய்ப்பு வேண்டும். எனவே குளிர்பதனக் கிடங்கு கட்டுகிற கூட்டுறவுச் சங்கமானாலும் அரசானாலும் தனியாரானாலும், எலுமிச்சைக்கென்று 8 டிகிரிக்குக் குறையாத தனி அறை ஒன்றை ஒதுக்குங்கள். வெண்ணெயோடும் பாலோடும் சேர்த்து அடைத்துவிட்டு, காய் கெட்டுப்போனது என்று விவசாயியைக் குறை சொல்லாதீர்கள்.