இரண்டு சான்றிதழ்கள், ஒரு பட்டம்

திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு மாணவியை அண்மையில் கலெக்டர் அலுவலக வளாகத்தில் சந்தித்தோம். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். பிறவியிலேயே இடது காலில் பாதிப்பு. கையில் சாதிச் சான்றிதழும் மாற்றுத்திறனாளி சான்றிதழும் இருந்தன. கல்வி உதவித்தொகை பற்றிக் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனால் பக்கத்துக் கட்டிடத்தைக் காட்டுகிறார்கள். அங்கே போனால் மறுபடி முதல் கட்டிடத்துக்கே அனுப்புகிறார்கள். “இங்க நான் எஸ்.சி., அங்க நான் மாற்றுத்திறனாளி. ரெண்டும் சேர்ந்த ஆளுக்கு ஒரு ஜன்னல் இல்லீங்களே, சார்” என்றார்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய அப்பாவுக்குக் கல் குவாரியில் மூன்று விரல்கள் போய்விட்டன. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் இழப்பீடு கிடைக்கவில்லை. அதே தெருவில் இப்படி இன்னும் சிலர் இருக்கிறார்கள். “ஏன் எங்க தெருவுல மட்டும் இத்தனை பேருன்னு படிக்கணும். அதுக்கு எந்த டிபார்ட்மென்ட்ல சேரணும்?”

நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இழப்பீட்டைப் பற்றி அறியச் சட்டம் படிக்க வேண்டும். காயத்தைப் பற்றி மருத்துவம் பேசும். கூலியைப் பொருளியலும் சாதியைச் சமூகவியலும் பேசும். அவர் கேள்விக்கான முழு விடை எந்த ஒரு துறையிலும் இல்லை. இப்படிப் பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் முதுநிலைக் கல்விக்குத்தான் மாற்றுத்திறனாளிகள் ஆய்வியல் என்று பெயர். நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேசப்படாத படிப்பு இது.

உடலா, படிக்கட்டா?

சிறப்பு ஆசிரியர் பயிற்சியும் மறுவாழ்வுப் பயிற்சியும் மாற்றுத்திறனாளிக்கு உதவக் கற்றுத் தருகின்றன. இந்த ஆய்வியல் கேட்பது வேறு கேள்வி: ஒருவரை முடக்கி வைப்பது எது? 1976-இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய ஓர் அமைப்பு இதற்குத் தெளிவான விடை சொன்னது. முடக்குவது உடல் அல்ல, சமூகம் எழுப்பிய தடைகள் என்றது. சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தடை அவருடைய கால் அல்ல, சாய்தளம் இல்லாத படிக்கட்டு. மைக்கேல் ஆலிவர் போன்ற அறிஞர்கள் இதைப் பல்கலைக்கழகப் பாடமாக வளர்த்தெடுத்தார்கள்.

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமானது அல்ல. பொதுக்கிணற்றில் நீர் இறைக்க முடியாமல் போனதற்குக் காரணம் நம் கைகள் அல்ல என்பது நமக்குத் தெரியும். 1927-இல் மகாத் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது அண்ணல் அம்பேத்கர் உலகுக்குச் சொன்னதும் அதைத்தான்.

ஆனால் நம் தெருவின் அனுபவம் அந்த விடையோடு நின்றுவிடுவதில்லை. இங்கே தடை மட்டுமல்ல, உடல் பாதிப்பே வேலையிலிருந்து வருகிறது. அந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியலினத்தவரில் 2.45 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். பழங்குடியினரில் இது 2.05 சதவீதம், மற்றவர்களில் 2.18 சதவீதம். ஏன் இந்த வேறுபாடு என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. அதை யாராவது ஆராய்ந்துதான் எழுத வேண்டும்.

தீர்ப்புகள் சொல்வது

கழிவுநீர்க் குழியில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது பலருக்கு நினைவிருக்கும். உயிர் பிழைத்தும் நிரந்தரமாக உடல் இயக்கம் இழந்தவருக்குக் குறைந்தது ரூ.20 லட்சம் தர வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இறந்தவரின் பெயர் செய்தியில் வருகிறது. பிழைத்து வீட்டில் கிடப்பவரின் பெயர் எதிலும் வருவதில்லை.

இன்னொரு வழக்கு ஆந்திரத்தைச் சேர்ந்தது. பிறவியிலேயே பார்வையற்ற பட்டியலின இளம்பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 2021-இல் உச்ச நீதிமன்றம் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சாதி, பாலினம், உடல் பாதிப்பு மூன்றும் பின்னிப் பிணைந்தே ஒரு பெண்ணை ஒடுக்குகின்றன என்றும் விரிவாக எழுதியது. ஆனால் சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் விசாரணையின் தொடக்கத்திலேயே தேவை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எப்படிப் படிப்பது?

மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இத்துறைக்கென்றே ஒரு மையம் உண்டு. அங்கு இடம் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. சமூகவியல், வரலாறு, தமிழ், சட்டம், சமூகப்பணி என எந்த முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாலும் ஆய்வேட்டுக்கு இந்தப் பொருளை எடுக்கலாம். முனைவர் பட்ட ஆய்வு இரண்டு துறைகளைத் தொட்டால் வேறு துறையிலிருந்து இணை வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இடம் தருகிறது. 2022-ஆம் ஆண்டின் அந்த விதிகள் பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தகுதி மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வும் தருகின்றன.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்கள் உண்டு. வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. விண்ணப்பத்தில் இரண்டு பிரிவுகளையும் தவறாமல் குறிப்பிடுங்கள். ஒன்றை எழுதினால் மற்றது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தடைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பாட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. நாம் பார்த்த ஒரு மாணவியர் விடுதியில் நுழைவாயிலுக்கே ஆறு படிகள், கைப்பிடி இல்லை. பட்டியலின மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கான மத்திய அரசின் உதவித்தொகையில், இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். நம் தெருவைப் பற்றி நாமே வெளிநாட்டில் ஆராய அந்தப் பணம் கிடைக்காது என்பதுதான் இதன் பொருள். இந்த விதியை நீக்கச் சொல்லிக் கேட்பது மாணவர் அமைப்புகளின் கடமை.

நாம் சந்தித்த மாணவி இன்னும் எங்கும் சேரவில்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கிவிட்டார். பெயர், செய்த வேலை, காயம்பட்ட ஆண்டு, சான்றிதழ் கிடைத்ததா, இழப்பீடு வந்ததா என்று ஐந்து கட்டங்கள். முதல் வரியில் அப்பாவின் பெயர். கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்.

பட்டத்துக்கான ஆய்வு அங்கிருந்தே தொடங்கிவிட்டது. அதே ஐந்து கட்டங்களை உங்கள் ஊரில் நீங்களும் போடலாம், மாணவர்களே.