முதுகுப்பைக்குள் ஓர் ஏணை; கட்டுவதற்குக் கரையில் மரங்கள் எங்கே?

பொத்துவில் அறுகம் குடாவுக்கு ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரையான பருவத்தில் கடலலைச் சறுக்கலுக்காக வரும் வெளிநாட்டுப் பயணிகளைக் கண்டவர்கள், அவர்களது பெரிய முதுகுப்பைகளையும் கண்டிருப்பர். வேண்டியவை அனைத்தையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும் இத்தகைய பயணிகளுக்காக மேலை நாடுகளில் உருவாக்கப்பட்ட பொருட்களுள் ஒன்று, தொங்கு படுக்கையைத் தன்னுள்ளேயே கொண்ட முதுகுப்பையாகும். நினைத்த இடத்தில் பையை இறக்கி, அதிலிருந்து துணியை விரித்து, இரண்டு மரங்களுக்கிடையே கட்டிச் சாய்ந்துகொள்ளலாம் என்பதே அதன் பயன். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை சுமார் 70 கிலோமீற்றர் நீளும் கரையோரத்தில் வாழும் நமக்கு இதில் என்ன இருக்கிறது எனச் சிலர் வினவலாம். நிறையவே இருக்கிறது என்பதே நமது கருத்தாகும்.

முதலாவதாக, தொங்கு படுக்கை நமக்குப் புதியதொன்றல்ல. சேலையொன்றை வளையில் கட்டி, அதனுள் குழந்தையைக் கிடத்தி ஆட்டும் ஏணை, தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒன்றுபோலவே தொங்கியது. நம்மில் பெரும்பாலானோரின் முதல் உறக்கம் ஏணையிலேயே கழிந்தது. மேலை நாட்டவரோ பெரியவர்களுக்கான தொங்கு படுக்கையைக் கரீபியன் தீவுகளின் பூர்வீகக் குடிகளான தைனோ மக்களிடமிருந்தே கற்றுக்கொண்டனர். 1492இல் அங்கு சென்ற கொலம்பஸ், ‘ஹமாக்கா’ என அம்மக்கள் அழைத்த வலைப் படுக்கையைக் கண்டு குறித்து வைத்தார். பின்னர் ஆங்கிலேயக் கடற்படை இதனை மாலுமிகளின் படுக்கையாக ஏற்றுக்கொண்டது. கப்பல் எப்பக்கம் சரிந்தாலும் தொங்கும் படுக்கை நேராகவே நிற்கும் என்பதும், பகலில் சுருட்டி வைத்துவிடலாம் என்பதுமே அதற்கான காரணங்களாகும்.

இன்றைய முதுகுப்பையும் அதே தத்துவத்தையே பின்பற்றுகின்றது. பரசூட் குடைகளுக்குப் பயன்படுவது போன்ற மெல்லிய நைலோன் துணி, சுருட்டினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பையின் ஓர் அறையில் அது வைக்கப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளிலும் மரத்தைச் சுற்றிக் கட்டுவதற்கான பட்டிகள் இணைக்கப்பட்டிருக்கும். குளிர் நாடுகளில் கீழிருந்து வீசும் காற்று உடலைக் குளிரச் செய்துவிடும் என்பதால், முதுகின் கீழ் வேறு விரிப்பையும் இடுவர். நமது வெப்பத்திற்கோ அக்காற்றே வரப்பிரசாதமாகும். கச்சான் வீசும் மாதங்களில் மெத்தையும் பாயும் தர இயலாத குளிர்ச்சியைக் கடற்காற்றில் தொங்கும் ஒரு துணி தந்துவிடும்.

எனினும் இதனைக் கட்டுவதில் ஒரு கணக்கு உண்டு. அதனை அறியாமல் கட்டி விழுவோரே அதிகம். படுக்கை தொய்யக் கூடாது என எண்ணிப் பட்டியை விறைப்பாக இழுத்துக் கட்டுவது பலரதும் வழக்கம். உண்மையில் தொய்வாகக் கட்டுவதே பாதுகாப்பானது. பட்டி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் அமையுமாயின், 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய அதே 70 கிலோகிராம் அளவு இழுவையே ஏற்படும். சரிவு 10 பாகையாகக் குறைந்தால் அது 200 கிலோகிராமாகவும், 5 பாகையாகக் குறைந்தால் 400 கிலோகிராமாகவும் உயர்ந்துவிடும். அத்தனை பாரத்தையும் தாங்க வேண்டியவை துணியும் பட்டியும் மட்டுமல்ல, மரங்களுமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நமது கரையில் இக்கணக்கு மேலும் சிக்கலாகின்றது. தோட்டங்களில் தென்னைகள் சுமார் 26 அடி இடைவெளியில் நடப்படுகின்றன. தொங்கு படுக்கைக்கோ 12 முதல் 15 அடி வரையான இடைவெளியே வசதியானது. இடைவெளி கூடக் கூட, உரிய சரிவைப் பெறுவதற்குப் பட்டியை மரத்தில் உயரமாகக் கட்ட வேண்டும். 26 அடி இடைவெளியில் அவ்வுயரம் கைக்கு எட்டாததாகிவிடுவதால், எட்டிய உயரத்தில் இறுக்கிக் கட்டுவோர் பன்மடங்கு பாரத்தை மரத்தின் மீது ஏற்றுகின்றனர். மேலும், தேங்காயும் காய்ந்த மட்டையும் விழும் இடத்தில் தலையை வைத்துப் படுப்பது அறிவுடைமையாகாது. வேர் வெளித்தெரியும் மரத்திலும் பட்ட மரத்திலும் கட்டவே கூடாது. மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும் என்பதால், குறைந்தது இரண்டு விரல் அகலமுள்ள பட்டியையே பயன்படுத்த வேண்டும். விழுந்தாலும் காயம் ஏற்படாதவாறு, படுக்கை தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேற்படாதிருப்பது நன்று.

இவ்வளவும் கூறிய பின்னரே முக்கியமான கேள்வி எழுகின்றது. பையைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதனைக் கட்டுவதற்கான இரண்டு மரங்களை எந்தக் கடையில் வாங்குவது?

2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமாகும். இங்கு மாத்திரம் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோர ஊர்கள் பலவும் உருக்குலைந்தன. வீடுகளும் மதில்களும் வீழ்ந்த இடங்களில் தென்னைகள் பல நிமிர்ந்து நின்றதையும், மரங்களைப் பற்றிப்பிடித்தோர் சிலர் உயிர் தப்பியதையும் நமது மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரங்கள் அத்தகைய பேரலையைத் தடுத்து நிறுத்திவிடும் என நாம் கூற வரவில்லை. ஆயினும், அன்றாடம் வீசும் உப்புக் காற்றின் வேகத்தைத் தணிப்பதும், மணலை இருந்த இடத்தில் பிடித்து வைப்பதும், வெயிலில் வருவோருக்கு நிழல் தருவதும் அவையே.

அந்த நிழல் கடலின் சீற்றத்தால் மட்டுமன்றி, மனிதரின் திட்டங்களாலும் பறிபோகின்றது என்பதற்கு ஒலுவில் சான்றாக உள்ளது. 2008இல் பணிகள் ஆரம்பிக்கப்பட்டு 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. அணைக்குத் தெற்கே மணல் குவிந்தது. மணல் வந்து சேராத வடக்குப் பகுதியின் கரையைக் கடல் அரித்தது. ஒலுவிலில் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் சரிந்தன. அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் உணரப்பட்டது. துறைமுக வாயிலையோ மணல் மூடியது. மீனவர்களின் படகுகளும் முடங்கின. பரம்பரை பரம்பரையாகத் தேங்காய் பறித்த காணி அலைக்குள் மறைவதைப் பார்த்து நின்ற குடும்பங்களிடம் ஓய்வைப் பற்றிப் பேசுவது எவ்வாறு?

கரையோரத்தைப் பாதுகாப்பதற்கான சட்டம் இந்நாட்டில் இல்லாமலில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாக வரையறுத்துள்ளது. ஆழிப்பேரலையின் பின்னர் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது தளர்த்தப்பட்டது. மக்களை அகற்றுவதற்குக் காட்டப்பட்ட வேகம் மரங்களை நடுவதில் காட்டப்படவில்லை என்பதை வருத்தத்துடன் கூற வேண்டியுள்ளது.

கல்முனை மாநகர சபையும் ஏனைய பிரதேச சபைகளும் கடற்கரையை அழகுபடுத்த எண்ணும்போது, சீமெந்து ஆசனங்களை மாத்திரம் நினையாது பூவரசு, வேம்பு போன்ற நிழல் தரும் மரங்களையும் நினைத்தல் வேண்டும். நடுவதோடு நின்றுவிடாமல், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நீரூற்றி வேலியிட்டுக் காக்கவும் ஏற்பாடு அவசியம். கடலோடு ஒட்டிய மணலில் தாழையும் அடம்பன் கொடியும் படர இடமளித்தால், பின்னால் நிற்கும் மரத்தின் வேருக்கு அவையே காவலாகும். மரம் நடுவதை நிலையான தர்மமாகக் கருதும் சமூகமும், கோயில்தோறும் தல விருட்சத்தைப் பேணும் சமூகமும் அருகருகே வாழும் கரை இது. இப்பணியில் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் பாடசாலைகளும் கைகோப்பதற்கு எவ்விதத் தடையும் இல்லை.

பகலெல்லாம் வலை இழுத்தவருக்கும், வயலில் உழைத்தவருக்கும், வீட்டு வேலையிலிருந்து ஒரு மாலைப் பொழுதேனும் விடுபட விரும்பும் பெண்களுக்கும் ஓய்வு என்பது ஆடம்பரமல்ல. அதற்கு விலையுயர்ந்த பை தேவையில்லை. ஒரு பழஞ்சேலையே போதும். ஆனால், அதனைத் தாங்குவதற்கு உறுதியாக வேரூன்றிய இரண்டு மரங்கள் வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழி. இன்று நாம் திரண்டு நடும் மரங்களிலேயே நாளை நமது பிள்ளைகள் தமது ஏணையைக் கட்டுவர்.