பின்கோடு 607402

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் உள்ள பாகூரின் பின்கோடு 607402. தமிழ்நாட்டின் கடலூர் எண்களின் வரிசையைச் சேர்ந்தது அது. அதே பிரதேசத்தின் வில்லியனூருக்கு 605110. இந்த 605 வரிசையில்தான் தமிழ்நாட்டின் விழுப்புரம் நகரமும் வருகிறது. அதன் எண் 605602. புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ உள்ள ஒரு தொழிற்சாலை, ‘உள்ளூர் ஆட்களே போதும், 605 என்று தொடங்கும் விண்ணப்பங்களை மட்டும் பிரித்தெடு’ என்று கணினிக்குச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். விழுப்புரத்துப் பையனின் விண்ணப்பம் உள்ளே போய்விடும். புதுச்சேரி ரேஷன் கார்டு வைத்திருக்கும் பாகூர்ப் பெண்ணின் விண்ணப்பம் வெளியே விழும். ஐடிஐயில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இது ஒரு கற்பனைக் கணக்கு. எண்கள் மட்டும் நிஜம். யாருடைய மனத்திலும் தீய எண்ணம் இல்லாமலே ஒருவரின் வாய்ப்பு பறிபோகும் என்பதைக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எண்ணமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்?

நம் ஊர் பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனவரா, ஊர், படித்த பள்ளி, மூலையில் ஒட்டிய போட்டோ. லேத் ஓட்டவோ கணக்கு எழுதவோ தெரியுமா என்பதற்குப் பதில் தருபவை இவற்றுக்கெல்லாம் கீழே ஓரிரு வரிகள்தான். நூறு பயோடேட்டாக்களைப் பத்தாகக் குறைக்கும் அவசரத்தில் கண் முதலில் எந்த வரியில் விழுகிறதோ, அங்கேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த அநியாயத்தின் கொடுமை, அது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது என்பதுதான். அழைப்பு வராத ஒருவர், ‘நமக்குத் தகுதி போதவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடுவார். ஒரு தனி நிராகரிப்பை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் சமூக அறிவியலாளர்கள் ஒரு சோதனை முறையைக் கண்டுபிடித்தார்கள். படிப்பு, மதிப்பெண், அனுபவம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி விண்ணப்பங்களைத் தயாரிப்பார்கள். பெயரை மட்டும் மாற்றுவார்கள். ஒரே விளம்பரத்துக்கு அவற்றை அனுப்பிவிட்டு, யாருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணுவார்கள். நூற்றுக்கணக்கான விளம்பரங்களுக்கு இப்படிச் செய்தால், தற்செயலும் தகுதியும் கழிந்துபோய், பெயருக்குக் கிடைத்த விலை மட்டும் மிஞ்சும்.

இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் ஆட்வெல் என்ற இரு அறிஞர்கள் இதைச் செய்தார்கள். 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஆங்கில நாளிதழ்களைப் பார்த்து, 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். எல்லாம் தனியார் வேலைகள். 2007-இல் முடிவு வெளிவந்தது. உயர்சாதிப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இங்கே பெயர் என்பது வடஇந்தியப் பாணியில் சாதியைச் சொல்லிவிடும் பின்பெயர்.

நமக்கோ பின்பெயர் கிடையாது, அப்பாவின் இனிஷியல்தான், அதனால் தப்பித்தோம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சென்னையில் 2006-இல் இதே வகைச் சோதனையைச் செய்த பொருளியலாளர் ஜாரா சித்திக், ஒரே எண்ணிக்கையில் அழைப்புப் பெற ஒடுக்கப்பட்ட சாதியினர் 20 சதவீதம் கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டியிருந்ததைக் கண்டார். சிறிய நிறுவனங்களில் உயர்சாதியினருக்குச் சாதகம் கூடுதலாக இருந்தது. வில்லியனூர், பாகூர்ப் பிள்ளைகள் பலர் முதலில் கதவைத் தட்டுவது சிறிய பட்டறைகளிலும் கடைகளிலும்தான் என்பதை நினைத்தால் இந்தக் கண்டுபிடிப்பு மனத்தை உறுத்துகிறது.

பெயர் சொல்லாததை இங்கே முகவரி சொல்லிவிடும். ஊரின் பெயருக்குப் பின்னால் ‘காலனி’ என்று எழுத வேண்டியவர்களுக்கு அந்த வரியின் பாரம் தெரியும். 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், அந்தச் சொல் வசையாக மாறிவிட்டது என்று சொல்லி அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். முகவரியைத் தாண்டினாலும் ‘குடும்பப் பின்னணி என்ன?’ என்ற கேள்வி நிற்கிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007-இல் எழுதிய ஆய்வில், தகுதி மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன மேலாளர்கள் இந்தக் கேள்வியையும் விடாமல் கேட்பதைப் பதிவு செய்தார்கள்.

மனிதக் கண்தானே பிரச்சினை, கணினியிடம் விட்டால் போதாதா? அமேசான் நிறுவனம் 2014 முதல் அப்படி ஒரு மென்பொருளை உருவாக்கிப் பார்த்தது. பழைய விண்ணப்பங்களைக் கொடுத்து அதற்குப் பயிற்சி தந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அந்த மென்பொருள், பெண்கள் கல்லூரியின் பெயர் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. திட்டத்தைக் கைவிட்டார்கள், 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. பாலினத்தையோ சாதியையோ அழித்துவிட்டுக் கொடுத்தாலும், பள்ளியின் பெயர், பின்கோடு, படிப்பில் விழுந்த ஓராண்டு இடைவெளி ஆகியவற்றிலிருந்து கணினி அதே முடிவுக்குப் போய்ச் சேர முடியும்.

பெயரையும் முகவரியையும் மறைத்துவிடலாமே என்ற யோசனை பிரான்சில் 2009-10-இல் சோதிக்கப்பட்டது. வியப்பான முடிவு: பெயரை மறைத்தபோது, புலம்பெயர்ந்தோர் குடும்பத்தினருக்கும் ஏழ்மையான பகுதிகளில் வாழ்வோருக்கும் அழைப்பு இன்னும் குறைந்தது. சோதனையில் சேர்ந்தவை தாமாக முன்வந்த நிறுவனங்கள். அவை ஏற்கெனவே இவர்கள்மீது ஓரளவு கரிசனம் உள்ளவை. ஒருவரின் சூழலைப் பார்த்து ‘இந்தப் பையன் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது’ என்று மதிப்பிடும் வாய்ப்பை மறைப்பு பறித்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கங்களில் ஒன்று. ஆகவே மறைப்பதைவிட முக்கியமானது, எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது.

அரசு இதில் ஒரு அடி எடுத்து வைத்தது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வு இல்லை. புதுச்சேரி உள்ளிட்ட 8 ஒன்றியப் பிரதேசங்களும் அதைக் கைவிட்டன. கிளார்க் வேலைக்குத் தேர்வு எழுதும் பாகூர்ப் பெண்ணுக்காக அவள் மதிப்பெண் பேசும். தனியாரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆள் எடுப்பதில் பெண்களை ஒதுக்கக் கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டமே சொன்னது. சாதி, மதம் பார்த்துத் தனியார் நிறுவனம் ஒரு பயோடேட்டாவை ஒதுக்கினால் அதைத் தடுக்கப் பொதுவான சட்டம் இல்லை.

சட்டம் இருந்தாலும் யாராவது உற்றுப் பார்த்தால்தான் அது வேலை செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆலையை நடத்தும் ஃபாக்ஸ்கான் மறுத்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை எதையும் போடக் கூடாது என்று ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளுக்கு அந்நிறுவனம் சொன்னதாக அடுத்த செய்தி வந்தது.

ஒரு நிறுவனம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அமெரிக்காவில் 1978-இல் ஒரு விதி வந்தது: ஐந்தில் நான்கு பங்கு. அதைப் புதுச்சேரிக்குப் பொருத்தினால், நகரத்திலிருந்து விண்ணப்பித்த நூறு பேரில் 30 பேரை அழைத்திருந்தால், வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன் பஞ்சாயத்துகளிலிருந்து வந்த நூறு பேரில் குறைந்தது 24 பேரையாவது அழைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். விண்ணப்பப் பதிவேடும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

புதுச்சேரியில் நமக்கென்று சொந்தச் சோதனை ஒன்று வேண்டும். காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொருளியல், சமூகவியல் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஐடிஐ, ஒரே மதிப்பெண், ஒரே வயது உள்ள மூன்று விண்ணப்பங்களைத் தயாரிக்கலாம். ஒன்றில் புதுச்சேரி நகரத் தெரு, ஒன்றில் வில்லியனூர் மாட வீதி, ஒன்றில் பாகூர் அருகே ஒரு காலனி. வேலை விளம்பரங்களுக்கு ஓராண்டு அனுப்பினால், எந்த முகவரிக்கு எத்தனை அழைப்பு என்ற எண்கள் கையில் இருக்கும். தொழிலாளர் துறையின் மேசையில் அவற்றை வைக்கலாம்.