ஒரே பாதையில் இரண்டு கோள்கள் செல்ல முடியுமா?

நம் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் எழுந்து, "சார், நம்ம செம்மண் சடக்குல ரெண்டு லோரி ஒன்னு பின்னால ஒன்னு போகுதே, அந்த மாதிரி ஒரே வட்டத்துல ரெண்டு கிரகம் போகாதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, நமக்கே விடை தெரியவில்லை. "நாளை சொல்கிறோம்" என்று கூறி, நூல்களைப் புரட்டினோம். அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறோம்.

சூரியனை எட்டுக் கோள்கள் தனித்தனிப் பாதைகளில் சுற்றுகின்றன. ஒரே பாதையில் இரண்டு சென்றால் வேகமும் ஒன்றாகத்தானே இருக்கும், பிறகு எப்படி மோதும் என்று தோன்றலாம். ஆனால் அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அந்த இழுப்பு நாளடைவில் பாதையைக் கலைத்துவிடும். இரண்டும் மோதலாம், அல்லது ஒன்று வெளியே வீசப்படலாம்.

இதற்கு விலக்கும் உண்டு. கோளுக்கு முன்னே 60 பாகையிலும் பின்னே 60 பாகையிலும் இரண்டு இடங்கள் உள்ளன. சூரியன், கோள், அந்த இடம் ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். அங்குள்ள சிறு பொருள் சற்று விலகினாலும் அவ்விடத்தைவிட்டு ஓடிவிடாது. இதை 1772இல் லக்ராஞ்ச் என்ற கணித மேதை கணக்கிட்டுச் சொன்னார். 1906இல் மாக்ஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய வானியலார், வியாழனின் பாதையில் அத்தகைய சிறுகோள் ஒன்றைக் கண்டார். கணக்கு மெய்ப்பட 134 ஆண்டுகள் ஆயின! இன்று அவ்வாறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன.

சனியின் இரு நிலவுகளான ஜேனஸ், எபிமீத்தியஸ் ஆகியவற்றின் கதை இன்னும் வியப்பானது. இரண்டின் பாதைகளுக்கும் இடைவெளி ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். அவற்றின் குறுக்களவோ 100 கிலோமீட்டருக்கும் மேல்! உட்பாதையில் உள்ளது விரைந்து சென்று மற்றதை நெருங்கும். அப்போது முன்னது பின்னதை முன்னோக்கி இழுக்கும். இழுபட்டது வெளிப்பாதைக்கு ஏறி வேகம் குறையும். முன்னதோ பின்னோக்கி இழுபட்டு, உட்பாதைக்கு இறங்கி விரையும். திடலில் ஓடும் இருவர் தடம் மாற்றிக்கொள்வதைப் போல, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறி, மோதாமலே பிரிகின்றன.

அப்படியானால் இரண்டு முழுக் கோள்கள்? கணக்கின்படி முடியும். ஆனால் அத்தகைய இணை எதுவும் இதுவரை உறுதியாகக் கண்டறியப்படவில்லை. 2023இல், பி.டி.எஸ். 70 என்னும் விண்மீனைச் சுற்றும் ஒரு கோளின் பாதையில் தூசி மேகம் போன்ற ஒன்று தென்பட்டதாக, சிலி நாட்டுத் தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் அறிவித்தனர். அது புதுக்கோளின் கருவாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

மறுநாள் இதை வகுப்பில் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. பெரிய அறிஞர்கள் தேடிக்கொண்டிருக்கும் கேள்வியையே நம் தோட்டத்துப் பிள்ளையும் கேட்டிருக்கிறாள்!

பெற்றோர்களே, வேலைக்காட்டிலிருந்து களைத்து வரும் வேளையில் பிள்ளை கேள்வி கேட்டால், "சும்மா இரு" என்று அடக்கிவிடாதீர்கள். "எனக்குத் தெரியவில்லை, வாத்தியாரைக் கேள்" என்றாலே போதும். வாத்தியாருக்கும் தெரியாவிட்டால், அவரும் தேடிப் படிக்கட்டும்.